இருபதாவது தலை

ஸ்கெல்தார்ப் முனை வீடு,
யார்க்‌ஷயர்.
1965, மே மாதக் கடைசி ஞாயிறு.

அன்பு மகன் வில்ஃபுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருப்பாராக. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரன் நியூசிலாந்து முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி சௌக்கியமா இருக்கானா?" என்று கேட்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கவர்டேல் சொன்ன கதையை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டது இதே வாய்தான். சௌக்கியம் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இங்கே எல்லாம் சுமார். கொட்டகைக் கூரையில் ஓடுகள் நகர்ந்து மழை உள்ளே வருகிறது. உன் நாய்க்கு ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலமானால் வேலிக் கதவடியில்தான் போய்ப் படுக்கிறது. என் முழங்கால் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. அதைப் பற்றி நீ கவலைப்படாதே. நாக்கு நன்றாக வேலை செய்கிறது.

நீ எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். "அம்மா, நான் மன்னிச்சுட்டேன், நீயும் விட்டுடு" என்று எழுதியிருக்கிறாய். நீ அப்பாவைக் கொண்டு பிறந்தவன். நான் அப்படி இல்லை. சேப்பலில் ஜெபத்தில் மன்னிப்பு வருகிற இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆண்டவரிடம் பொய் சொல்வதைவிட அது மேல்.

எதை விடச் சொல்கிறாய்? அந்தப் பெரிய பனி வருடம், கவர்டேலிடம் மேய்ப்பனாக இருந்த நீ காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு இந்த வீட்டு மாடியில் கிடந்தாய். பனி உருகியதும் அவன் மந்தையில் இருபது தாய் ஆடுகளைக் காணோம். பனி விழுவதற்கு முந்தின நாளே நீ அவற்றை மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டி விற்றுவிட்டு, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாய் என்று அம்ப்ரோஸ் கவர்டேல் மேய்ப்பர் கூட்டத்தில் வண்டி மேல் ஏறி நின்று சொன்னான். போலீஸ்காரர் வந்து நம் வைக்கோலைக் குத்திப் பார்த்தார். வழக்கு எதுவும் நிற்கவில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் உன்னை நம்பி ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட ஒப்படைக்க ஆள் இல்லாமல் போயிற்று. நீ கப்பல் ஏறினாய். வழி தவறி வரும் ஆடுகளை அடைக்கிற பட்டியின் சாவியை இருபது வருடம் இடுப்பில் வைத்திருந்த உன் அப்பாவிடமிருந்து, "திருடன் வீட்டில் அது எதற்கு" என்று சாவியைப் பிடுங்கிக் கவர்டேலிடம் கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அப்பா போகவில்லை. அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். டாக்டர் இருதயம் என்றார். சாவி மாட்டுகிற ஆணி இன்னும் கதவுப் பக்கத்தில் வெறுமையாக இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் தேநீர் குடிக்கிறேன். இதை விட்டுவிடவா?

வேறு செய்தி சொல்கிறேன். கல்லூரியிலிருந்து மிஸ் ஹெப்பல் என்று, அழிந்த ஊர்களை ஆராய்கிற ஓர் அம்மாள் வந்து, உன் அறையில் தங்கியிருக்கிறாள். நம் வீட்டுக்குப் பின்னால் கவர்டேலின் மேடுபள்ள வயலை அளந்து வரைகிறாள். நீ சின்ன வயதில் உருண்டு விளையாடிய ஒவ்வொரு மேடும் ஒரு வீடாம். அது நமக்கும் தெரியும். வயல் நடுவே வாய்க்கால் போல இறங்கிக் கிடக்கிற நம் பள்ளத்தெருதான் அந்த ஊரின் பெரிய தெருவாம். ஐநூறு வருடத்துக்கு முன்னால் அப்போதைய ஜமீன்தார், ஆட்டுக்கு இடம் வேண்டும் என்று குடித்தனக்காரர்களை ஒரே நாளில் வெளியே தள்ளிக் கூரைகளைப் பிரித்துப் போட்டானாம். "அவங்க எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியாதும்மா" என்றாள். ஆட்டைக் காரணம் காட்டி ஆளைத் துரத்துவது இந்த மண்ணுக்குப் பழக்கம்தான் என்று சொன்னேன். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். அப்புறம் எல்லாம் சொன்னேன்.

கவர்டேலுக்கு ஒரே பெருமை. தன் வயலில் சரித்திரம் இருக்கிறதாம். "எங்க வேணாலும் தோண்டிக்கங்க மிஸ், ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சேப்பல் வாசலில் பத்துப் பேர் முன்னால் சொன்னான். நானும் காதால் கேட்டேன்.

நேற்று அவளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அப்பா போனபின் அங்கே நான் கால் வைத்ததே இல்லை. காஞ்சொறி எங்கே முளைக்கும் என்று உனக்குத் தெரியும். வீடும் தொழுவமும் இருந்த மேட்டில்தான் முளைக்கும். மற்ற இடமெல்லாம் புல். ஆனால் பள்ளத்தெருவின் கீழ்முனையில், குளத்துப் பக்கம், இடுப்பு உயரத்துக்குக் காஞ்சொறி காடாக நிற்கிறது. அடியில் ஒரு மேடு. தண்ணீர் தேங்குகிற அந்த இடத்தில் எவன் வீடு கட்டுவான்? நான் அந்தக் குளத்தில் தண்ணீர் எடுத்த காலத்தில் அங்கே மேடே கிடையாது.

பனி உருகிய அந்த ஏப்ரலில் கவர்டேல் குளத்தைத் தூர் வாருகிறேன் என்று மண்வெட்டும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது உனக்கு நினைவிருக்கிறதா? குளம் இன்றைக்கும் தூர்ந்துதான் கிடக்கிறது.

ரொட்டியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதுகிறேன். நன்றாகச் சாப்பிடு. கம்பளி உள்சட்டையை வெயில் என்று கழற்றிப் போடாதே.

உன் அம்மா,
அக்னஸ் ஸ்பென்ஸ்லி.


ஸ்கெல்தார்ப் முனை வீடு,
ஆகஸ்ட் பத்தொன்பது.

அன்பு மகன் வில்ஃபுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கையில் ஆட்டு மயிர் வெட்டும் கத்திரி இருந்தால் கீழே வை.

மிஸ் ஹெப்பலிடம் அந்தக் காஞ்சொறி மேட்டையும் ஒரு கீறு கீறிப் பார்க்கச் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. "அது பழசு இல்லம்மா. மண்ணு பொலபொலன்னு இருக்கு, புல்லு வேரே புடிக்கல. அதை நான் படத்துலயே சேக்கல" என்றாள். பழசு இல்லை என்பதால்தான் கேட்கிறேன் என்றேன். "அவர்தான் எங்க வேணாலும்னு சொல்லியிருக்காரே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தாள். இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது ஆச்சரியம்தான். ஆனால் நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே, அவளுக்கு ஐம்பது வயது.

கவர்டேல் கிடாய்ச் சந்தைக்குப் போன வியாழக்கிழமை தோண்டினோம். அவளோடு வந்த மாணவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி. ஆறடி தோண்ட வேண்டியிருந்தது. முதலில் கம்பளி வந்தது, கறுத்து, கட்டிகட்டியாக. பிறகு கொம்பு. ஒன்றின் மேல் ஒன்றாகக் குப்பையைக் கொட்டுவது போலக் கொட்டியிருக்கிறான். ஒரு தலையை எடுத்து என் ஏப்ரன் துணியால் துடைத்தேன். கொம்பில் சூடு அப்படியே இருக்கிறது. வட்டமும் நடுவில் ஒரு குறுக்குக் கோடும். கவர்டேல் வீட்டுக் குறி. நீயே இரும்பைக் காய்ச்சி எத்தனை கொம்புக்கு அதைப் போட்டிருப்பாய்!

இருபது தலை, வில்ஃப். நான் எண்ணினேன், அந்த அம்மாளும் எண்ணினாள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என்ன நடந்திருக்கும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ படுத்திருந்தாய். காற்று அடித்தது. ஆட்டை மேட்டுப்பக்கம் ஏற்றுவதற்குச் சோம்பல்பட்டு, காற்றுக்கு மறைவாக இருக்கும் என்று பள்ளத்தெருவுக்குள் இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறான். "பள்ளத்தெரு காத்தை மறைக்கும், பனியை மறைக்காது" என்று உன் அப்பா அவனுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்! இங்கே பத்து வயதுப் பிள்ளைகூட அந்தத் தப்பைச் செய்யாது. ராத்திரியில் பனி வந்து தெருவை விளிம்பு வரை மூடிவிட்டது. உருகியபின் பார்த்திருக்கிறான். தன் மடத்தனம் ஊருக்குத் தெரியக்கூடாது. அதற்கு என் பிள்ளை திருடனாக வேண்டியிருந்தது. அதற்கு என் புருஷன் சாக வேண்டியிருந்தது.

குழி ஓரத்தில் உட்கார்ந்து நான் அழுதேன் என்று மிஸ் ஹெப்பல் நினைத்துக்கொண்டு தோளைத் தொட்டாள். அழவில்லை. சிரித்தேன். அது அவளுக்கு இன்னும் பயமாகப் போயிற்று.

தலைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மீதியை மூடிக் காஞ்சொறியை மேலே நட்டுவிட்டோம். தலைகள் கொட்டகையில் சாக்கில் இருக்கின்றன. நாற்றம் இன்னும் முழுக்கப் போகவில்லை. உன் நாய் சாக்கைச் சுற்றிச் சுற்றி வந்து முனகியது. அதற்கு அந்த ஆடுகளைத் தெரியும் அல்லவா.

போலீஸ்காரரிடம் போகச் சொன்னாள் மிஸ் ஹெப்பல். மாட்டேன் என்றேன். நம் வைக்கோலைக் குத்தியவர் கையில் இதைக் கொடுத்தால், நாலு சுவருக்குள் ஒரு மன்னிப்போடு முடித்துவிடுவார்கள். உன் பெயர் சந்தியில் கெட்டது. சந்தியில்தான் அது திரும்ப வேண்டும். நவம்பரில் மேய்ப்பர் கூட்டம் வருகிறது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

கவர்டேல் ஞாயிற்றுக்கிழமை சேப்பலுக்கு வந்தான். மண் கிளறியிருப்பதைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. மிஸ் ஹெப்பலிடம் வந்து, சும்மா கேட்பதுபோல், குளத்துப் பக்கம் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டான். "ஆட்டு எலும்புதான் சார், பழசு இல்ல, எங்களுக்கு ஆகாது" என்றாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டேதான் நீட்டினேன். அவன் அன்றைக்குப் பாடவில்லை. மூன்று மாதம் வேகட்டும். மெல்லிய தீயில் வெந்தால்தான் கிழட்டு ஆட்டுக்கறி பதமாகும்.

இப்படி எழுதுகிற அம்மா உனக்கு வேண்டாம் என்றால் சொல். ஆனாலும் எழுதத்தான் செய்வேன்.

உன் அம்மா,
அக்னஸ் ஸ்பென்ஸ்லி.


ஸ்கெல்தார்ப் முனை வீடு,
டிசம்பர் முதல் வாரம்.

அன்பு மகன் வில்ஃபுக்கு,

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று விமானத் தபாலில் போடுகிறேன்.

கூட்டம் நவம்பர் இருபதாம் தேதி, சனிக்கிழமை நடந்தது. நல்ல வெயில், நல்ல குளிர். எல்லாரும் வழி தவறி வந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். விடுதி வாசலில் வண்டி மேல் கவர்டேல், இடுப்பில் உன் அப்பாவின் சாவி. நான் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு தள்ளுவண்டியோடு போய் வரிசையில் நின்றேன். பொம்பளை ஒருத்தி வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன், "அக்னஸக்கா, முள்ளங்கி விக்க வந்தீங்களா?" என்றான். ஆமாம் தம்பி, இந்த வருஷம் நல்ல விளைச்சல் என்றேன்.

என் முறை வந்தது. சாக்கை அவிழ்த்தேன். கூட்டத்தில் ஆட்டின் குறியைச் சொல்லி அப்பா கூவுகிற அதே ராகத்தில், அதே நீட்டலில் கூவினேன். "வலது கொம்புல வட்டம், நடுவுல குறுக்குக் கோடு, சொந்தக்காரன் யாரு?" என் குரல் விடுதிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அப்புறம் அந்த இடத்தில் ஆடு கத்துகிற சத்தம்தான் கேட்டது.

கவர்டேல் முதலில் தடுமாறினான். பிறகு நாட்டாமைக் குரலை வரவழைத்துக்கொண்டான். "அக்னஸ், இது என்ன கூத்து? பட்டி ஆட்டுக்குத்தான், எலும்புக்கு இல்ல" என்றான். ஆட்டைத்தான் கொண்டு வந்திருக்கிறேன், மீதியை நீ வைத்த இடத்தில் மண் தின்றுவிட்டது என்றேன்.

அப்போது ஜோனஸ் கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். கூட்டத்திலேயே மூத்தவர் அவர்தான். உன் அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிக் கவர்டேலிடம் கொடுத்தவரும் அவர்தான், அதை நான் மறக்கவில்லை. வண்டிக்குள் குனிந்து ஒரு கொம்பைத் திருப்பிப் பார்த்தார். "குறி இருந்தா சொந்தக்காரன் வந்தாகணும் அம்ப்ரோஸ். எங்கப்பன் காலத்து வழக்கம். உன்னுதுன்னா கையை வை. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு" என்றார்.

இல்லை என்று எப்படிச் சொல்வான்? கூட்டத்தில் தன் குறியைத் தனதில்லை என்று சொன்னவனுக்கு அந்தக் குறியே போய்விடும் என்பது சட்டம். மலை மேல் அவனுக்கு நானூறு ஆடு அதே வட்டத்தோடு மேய்கிறது. மறுநாள் காலையில் எவன் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். அவன் கண் மலைப் பக்கம் போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். வண்டியிலிருந்து இறங்கினான்.

கையை வைத்தான். "என்னுது" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றேன். உரக்கச் சொன்னான். ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றேன், அதுவும் வழக்கம்தானே. மண்ணும் நாற்றமுமாக ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு என்னுது, என்னுது என்றான். நான் அவசரப்படவில்லை.

பிறகு ஜோனஸ் கிழவர், வழக்கப்படி, எங்கே கண்டெடுத்தாய் என்று கேட்டார். பள்ளத்தெருவின் கீழ்முனையில், ஆறடி மண்ணுக்குக் கீழே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆட்டோடு பிறந்து ஆட்டோடு சாகிறவர்கள். பள்ளத்தெரு என்றதுமே பனி தெரிந்துவிட்டது. ஆறடி என்றதும் மண்வெட்டும் இயந்திரம் தெரிந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் கேட்டேன். "அப்ப என் மவன் வித்தது எந்த ஆடுடா, அம்ப்ரோஸ்?"

இரண்டு வருடம் இந்தக் கேள்வியை ஆணியைப் பார்த்துக்கொண்டு தினமும் கேட்டிருக்கிறேன். ஆணி பதில் சொன்னதில்லை. ஆனால் அவன் முகம் ஆணி இல்லையே. அதை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்காகவாவது நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆட்டைக் கொண்டுவந்தவருக்குச் சொந்தக்காரன் தன் கையால் சாராயம் ஊற்றிக் கொடுத்து, வீட்டின் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து சாராயம் தொடாத சேப்பல்காரி நான் என்று எல்லாருக்கும் தெரியும். தேநீர் கொண்டுவரட்டுமா என்று விடுதிக்காரி கேட்டாள். வேண்டாம், வழக்கம் வழக்கமாகவே நடக்கட்டும் என்றேன். ஊற்றினான். மேஜையெல்லாம் சிந்தினான். "ஸ்பென்ஸ்லி வீட்டுக்கு நன்றி" என்றான். வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். கண்றாவி. எப்படித்தான் குடிக்கிறீர்களோ. ஆனாலும் அந்த ஒன்றுக்காக ஆண்டவர் என்னை நரகத்தில் போட்டால் சந்தோஷமாகப் போவேன்.

சாவியை ஜோனஸ் கிழவர் தானே கழற்றி வாங்கி என் கையில் வைத்தார். ஏதோ சொல்ல வந்தார். சொல்ல வேண்டாம் என்றேன். இப்போது ஆணியில் சாவி தொங்குகிறது. ஊரே வீட்டுக்கு வந்து போகிறது. போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். தபால்காரன் ஒரு வாத்தைக் கொண்டுவந்தான். வாத்தை வாங்கிக்கொண்டேன், அவனை உட்காரச் சொல்லவில்லை.

கவர்டேலின் மனைவி வந்து அழுதாள். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "போதும் அக்கா, விட்டுடுங்க" என்றாள். பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் என் பிள்ளையும் இரண்டு கிறிஸ்துமஸாக இந்த மேஜையில் சாப்பிடவில்லை என்று சொல்லி, ஒரு துண்டு கேக்கைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

உனக்கு இன்னும் ஒன்று சொல்லவில்லை. கூட்டத்துக்கு நான் கொண்டுபோனது பத்தொன்பது தலை. ஜோனஸ் கிழவர் எண்ணிவிட்டு, இன்னொன்று எங்கே என்று கேட்டார். வரும் என்றேன். இருபதாவதை நம் வேலிக் கம்பத்தின் மேல் ஆணி அடித்து வைத்திருக்கிறேன், குறி சாலையைப் பார்த்தபடி. சேப்பலுக்குப் போக அவனுக்கு வேறு வழி கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அதைக் கடந்துதான் போக வேண்டும். பார்க்காமல் போகப் பார்க்கிறான், கழுத்து வலி வந்தவனைப் போல. கடைசி ஆட்டைத் தொட்டு வாங்காதவரை கணக்கு முடியாது, அதுவரை கூட்டத்தில் அவன் வாய் திறக்கவும் முடியாது.

நேற்று அவனே வந்துவிட்டான். வேலிக்கு வெளியே நின்று, "அதை இறக்கிக் குடு அக்னஸ், இங்கயே கையை வெச்சுடறேன்" என்றான். இதைக் கொடுக்க வேண்டியது நான் இல்லை, திருடியதாகப் பழி சுமந்தவன்தான் என்றேன். "நான் வேணா தம்பிக்கு எழுதறேன். கப்பல் டிக்கெட்டும் நானே வாங்கிடறேன்" என்றான். நீ வாங்கிக் கொடுத்தால் அவன் நடந்தே வந்தாலும் வருவானே தவிரக் கப்பலில் ஏறமாட்டான் என்றேன். அவன் எழுதினாலும் எழுதுவான். எழுதினால் படித்துவிட்டு அடுப்பில் போடு.

நீ மன்னித்துவிட்டாய் என்றால் சரி, அதை வந்து அவன் முகத்துக்கு நேராகச் சொல். அதை நான் தடுக்க மாட்டேன். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

வா என்று நான் எழுதவில்லை. உனக்கு அங்கே நல்ல வேலை, நல்ல எஜமான் என்று எழுதியிருக்கிறாய். கொட்டகைக் கூரையைச் சரி செய்தாயிற்று. உன் மேய்ப்பன் கம்பை எடுத்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். பட்டியை அடுத்த நவம்பர் வரை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் கூவ என் குரல் போதாது.

இந்தப் பள்ளத்தாக்கில் உனக்காகக் காத்திருப்பவர்கள் இப்போது இரண்டு பேர். அவனுக்கு அவசரம் அதிகம். எனக்கு வயது அறுபத்தெட்டு.

உன்னைக் கப்பலுக்கு அனுப்பிய அன்று, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார் என்று அப்பா உன் தலையில் கை வைத்துச் சொன்னார். போக்கைக் காத்துவிட்டார். வரத்தையும் காக்கட்டும்.

உன் அம்மா,
அக்னஸ் ஸ்பென்ஸ்லி.